சரிகையும் இருட்டும்: 4கே மானிட்டரோடு நாலு வருஷம்

2021-ல் சென்னை ரிச்சி தெருவில் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். அதற்கு முன் ஏழு வருஷம் 24 அங்குல ஃபுல் எச்டிதான். படத்தை உண்டாக்கும் புள்ளிகள் அதைவிட நாலு மடங்கு இருப்பதுதான் 4கே. கல்யாண ஆல்பங்களுக்குப் படம் திருத்துவது என் தொழில். தினமும் எட்டு மணி நேரமாவது திரை முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஒரு படம் எப்போது நிஜம் மாதிரித் தெரிகிறது, எப்போது வெறும் படமாக நின்றுவிடுகிறது என்பது இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது.

முதல் நாள் திறந்தது அம்மாவின் படம். மயிலாப்பூர் குளத்துப் படியில் அரக்கு நிறக் காஞ்சிபுரம் கட்டி உட்கார்ந்திருப்பார். பழைய திரையில் முந்தானைச் சரிகை ஒரு மஞ்சள் பட்டை, அவ்வளவுதான். அதன்மேல் நிஜப் புடவையில் இல்லவே இல்லாத அலை அலையான கோடுகள் வேறு. சரிகையின் வேலைப்பாடு திரையின் புள்ளிகளைவிட நெருக்கமாக இருந்தால் இப்படிப் பொய்க் கோடுகள் கிளம்பும். புதுத் திரையில் அலை அடங்கிவிட்டது. சரிகையில் நெய்த மயிலின் தோகையில் ஒவ்வோர் இறகும் தனியாகத் தெரிந்தது. அம்மா பீரோவிலிருந்து அந்தப் புடவையையே எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தார். "தொட்டுப் பாக்கணும் போல இருக்குடா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இதில் பெரிய மர்மம் இல்லை. நல்ல பார்வை உள்ள கண், பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரியின் 60-ல் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும் என்பது கணக்கு. பழைய மானிட்டரில் ஒரு புள்ளி சுமார் 0.28 மில்லிமீட்டர். அது கண்ணுக்கு மறைய 95 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். நான் உட்காருவது 60 சென்டிமீட்டரில். புதியதில் ஒரு புள்ளி 0.16 மில்லிமீட்டர்தான், 53 சென்டிமீட்டர் தாண்டினாலே மறைந்துவிடும். ஆக, நான் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் திரை மறைந்து புடவை மட்டும் நிற்கிறது.

அப்படியும் முழுசாக மறைந்துவிடாது. சாய்ந்த கோடு ஒன்று எங்கேயாவது துளி விலகினால் கண் அதை இந்தக் கணக்கையும் மீறிப் பிடித்துவிடும். கச்சேரிப் படங்களில் வீணைத் தந்தி குறுக்கே ஓடும் இடத்தில் குனிந்து பார்த்தால் இன்றும் லேசாகப் படிக்கட்டு தெரிகிறது. ஆனால் தமிழ் எழுத்து படிக்க இது பெரிய வரம். பழைய திரையில் சின்ன எழுத்தில் 'ஞ'வின் உள்சுழி அடைத்துக்கொண்டிருக்கும். இப்போது அச்சுப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

வேலையில் ஒரு சிக்கலும் வந்தது. பழைய திரையின் மங்கலை ஈடுகட்ட நான் எல்லாப் படத்துக்கும் ஷார்ப்னஸ் கூட்டிவைப்பது வழக்கம். அவற்றை 4கேயில் திறந்தபோது மணப்பெண் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு. பூவெல்லாம் பிளாஸ்டிக். இரண்டு வருஷத்து ஆல்பங்களை மறுபடி உட்கார்ந்து திருத்தினேன். வாட்ஸப்பில் சுருங்கி வரும் படங்களைத் திரை நிறையத் திறந்தாலும் இதே கதைதான், கன்னத்தில் சதுரம் சதுரமாகக் கட்டம் தெரியும். படத்தில் இல்லாததைத் திரையால் கொடுக்க முடியாது.

அப்புறம் டிவி. தம்பி ஹாலுக்கு 43 அங்குல 4கே வாங்கினான். சோபா ஒன்பது அடி தள்ளி இருக்கிறது. அந்த அளவு டிவியில் ஃபுல் எச்டி புள்ளியே ஐந்தரை அடி தாண்டினால் மறைந்துவிடும். சோபாவிலிருந்து ஒரே படத்தை இரண்டு தரத்திலும் போட்டுக் காட்டினேன், வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஹாலுக்கு, 4கேயைவிடவும் நாலு மடங்கு புள்ளி உள்ள 8கே வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இந்த மானிட்டர் என்னை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: இருட்டு. தைப்பூசத் தெப்பத்தன்று கபாலீசுவரர் கோயில் குளத்தில் எடுத்த படம் ஒன்று வைத்திருக்கிறேன். தெப்பத்து விளக்கு தண்ணீரில் உடைந்து ஆடுவது ஒவ்வொரு துண்டாகத் தெரிகிறது. ஆனால் சுற்றியிருக்கும் ராத்திரி சாம்பல் பூசியது மாதிரி இருக்கிறது. இது ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைத் திரை, கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது இதன் வெள்ளை கறுப்பைவிட ஆயிரம் மடங்குதான் வெளிச்சம். பின்னால் எரியும் வெளிச்சம் கறுப்பு வழியாகக் கசிகிறது. 83 லட்சம் புள்ளி இருந்தும் அந்த ராத்திரி வரவில்லை. அதே படம் என் ஓலெட் போனில், உள்ளங்கை அகலத்தில், குளக்கரையில் நின்ற நினைவை அப்படியே கொண்டுவருகிறது. அதில் கறுப்பு இருக்கும் இடத்தில் புள்ளி அணைந்தே போகிறது.

அடுத்த மானிட்டரும் 4கேதான், அதில் மாற்றமில்லை. கடைக்குப் போகும்போது பென்டிரைவில் அந்தத் தெப்பப் படத்தைக் கொண்டுபோவேன். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்து டியூப்லைட்டை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.