முழங்கால் வலிக்கு நீ-கேப்பா (முட்டியில் மாட்டும் இறுக்கமான உறை), தொடைப் பயிற்சியா?

ஓடுபவர்களுக்கு முட்டிச் சில்லைச் சுற்றி வலி மாதக்கணக்கில் இழுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும்.

செலவு: நீ-கேப் தொளதொளத்துப் போனால் புதிது வாங்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு படிக்கட்டு போதும்.

பலன்: நீ-கேப் போட்டதும் சிலருக்கு இதமாக இருக்கும், கழற்றினால் வலி திரும்பலாம். பயிற்சிக்கு 6 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். ஆனால் தொடையும் இடுப்பும் வலுப்பெற்றால் அந்தப் பலன் நீடிக்கும். அதனால்தான் என் ஓட்டு பயிற்சிக்கு.

சிரமம்: நீ-கேப்தான் எளிது. பயிற்சியில், படியிலிருந்து ஒற்றைக் காலில் மெல்ல இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. லேசான வலி பரவாயில்லை. மறுநாள் கூடினால் அளவைக் குறையுங்கள்.

ஓட்டத்தை நிறுத்தவே முடியாதவர் தற்காலிகமாக நீ-கேப் போடலாம். படி இறங்கும்போதே வலிப்பவர் பயிற்சியைத் தொடங்குங்கள். முட்டி வீங்கினாலோ மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ முதலில் மருத்துவரிடம் போங்கள்.