பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க் லீக்குன்னு எந்தக் கடையிலயாவது குடுக்கப் போறீங்களா, ஒரு நிமிஷம் நில்லுங்க

மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவியும் கையில பெட்ரோல் நாத்தம் போகல, அதோடதான் உக்காந்து டைப் பண்றேன். கோவத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. புது டேங்க் விலையில சரிபாதி, ஒரு ஒட்டு வேலைக்குக் குடுத்து ஏமாந்து நிக்கிறேன். அந்த ஒட்டு தாங்குனது மொத்தம் 9 நாள்.

வண்டி சின்ன டிரெயில் பைக். டேங்க் வெள்ளை பிளாஸ்டிக், வெளிச்சத்துல பாத்தா உள்ள பெட்ரோல் எவ்வளவு நிக்குதுன்னு கோடு தெரியும், அந்த மாதிரி. பெட்ரோல் டேப் (திறந்து மூடுற குழாய்) மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல முடி மாதிரி ஒரு விரிசல், அரை விரல் நீளம்கூட இல்ல. வண்டி சும்மா நின்னா எப்பவாவது ஒரு சொட்டு, ஓட்டிட்டு வந்து நிறுத்துனா வரிசையா சொட்டும். முதல்ல டேப்போட ஓ-ரிங்தான் (கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) போயிருக்கும்னு அதை மாத்துனேன், நிக்கல. அப்புறம் துணியால சுத்தமா துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாத்தாதான் விரிசல் ஓரமா ஈரம் ஊறி வர்றது தெரிஞ்சுது.

சரின்னு ஒரு பிளாஸ்டிக் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனேன். கார் பம்பர், பைக் ஃபேரிங், மட்கார்டு எல்லாம் ஒட்டிக் குடுக்கற கடை. பேர் சொல்ல விரும்பல. நான் எங்க விழுந்தேன்னு சொல்றேன் கேளுங்க. அந்த ஆள் ரெண்டா உடைஞ்சு ஒட்டுன ஒரு பம்பரை எடுத்து கீழ போட்டு "ஏறி நில்லுங்கண்ணே"ன்னான். ஏறி நின்னேன். அசையல. "இது தாங்குது, உங்க டேங்க் தாங்காதா?" அவ்வளவுதான், மனசு அங்கயே சரின்னு சொல்லிருச்சு. பம்பருக்குள்ள பெட்ரோல் நிக்காதேன்னு அந்த நேரத்துல எனக்குத் தோணவே இல்ல, இப்ப நெனச்சா வயிறு எரியுது. இருந்தாலும் ஒரு கேள்வி கேட்டேன், இது என்ன வகை பிளாஸ்டிக்னு பாக்க வேணாமான்னு. "பிளாஸ்டிக்னா பிளாஸ்டிக்தாண்ணே, நாங்க பாக்காத டேங்க்கா"ன்னுட்டான். வெளிய ஃபைபர் வச்சு எபாக்ஸி பேஸ்ட் (ரெண்டைக் கலந்து பூசுனா கல்லா இறுகுற பசை), உள்ள முழுசா ஒரு கோட்டிங், ரெண்டு வேலை, அதனாலதான் இந்த ரேட்டுன்னான். காசு மொத்தமும் முன்னாடியே. பில் கேட்டதுக்கு "நமக்குள்ள என்னண்ணே பில்லு"ன்னு சிரிச்சான், நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். புது டேங்க் விலையில பாதியை பில் இல்லாம குடுத்துருக்கேன் பாருங்க.

வாங்கும்போது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மழமழன்னு. 9-வது நாள் மறுபடியும் ஈரம். பேட்ச் ஓரத்துல லேசா நகத்தை விட்டேன், ஆறுன புண்ணுல பொருக்கு உரியுமே அது மாதிரி மொத்தமா கையோட வந்துருச்சு. அதுக்கு அடியில டேங்க் பளபளன்னு புதுசா இருக்கு, ஒரு துளி பேஸ்ட்கூட ஒட்டுன அடையாளமே இல்ல. அதுவாவது வெளிய. உள்ள ஊத்துன கோட்டிங்கும் உரிய ஆரம்பிச்சு, துண்டு துண்டா கார்புரேட்டருக்குள்ள இறங்கிருக்கு. வண்டி இழுத்து இழுத்து நின்னுச்சு, கார்புரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கற கிண்ணத்தை, அதான் பவுலைக் கழட்டிப் பாத்தா வெயில்ல உரிஞ்ச தோல் மாதிரி மெல்லிசா மிதக்குது, ஒண்ணு பெட்ரோல் வரத்தை அடைக்கற ஊசியில, அதான் ஃப்ளோட் நீடில்ல சிக்கி அது மூடாம ஓவர்ஃப்ளோ ஆகி சூடான இன்ஜின் மேல பெட்ரோல் வழியுது. ஒரு இடத்துல லீக்குன்னு குடுத்த வண்டி ரெண்டு இடத்துல ஒழுகுது.

கடைக்குப் போன் போட்டா முதல் நாள் "ஃபுல் டேங்க் அடிச்சிருப்பீங்க". நான் அடிச்சதே பாதி டேங்க். ரெண்டாவது நாள் "ஓனர் இல்லண்ணே". பணம் வாங்குனதே அந்த ஓனர்தான், குரலும் அவன் குரல்தான்! மூணாவது நாள் போட்டோ அனுப்புனேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. நேர்ல போனா "பிளாஸ்டிக்குக்கு கேரண்டி கிடையாது, வேணும்னா சூடு வச்சு வெல்டிங் போட்டுத் தர்றேன், அதுக்குத் தனி காசு"ன்னு சொல்லிட்டே சால்டரிங் அயர்னை பிளக்ல சொருகுறான். அன்னிக்குக் காலையிலதான் பெட்ரோலை இறக்குன டேங்க் அது! பிடுங்கிட்டு வெளிய வந்துட்டேன். பாதி டேங்க் விலை போச்சு, அதைவிட இதுதான் எனக்குத் தாங்கல. பெட்ரோல் நிறைஞ்ச டேங்க்கைவிட இறக்கி வச்ச டேங்க்தான் ஆபத்து, உள்ள ஆவியும் காத்தும் கலந்து நிக்கும், ஒரு பொறி போதும். மைனஸ் 40 டிகிரி குளிர்லகூட தீப்பிடிக்கற அளவுக்கு ஆவி விடுற சாமான் பெட்ரோல்.

வீட்டுக்கு வந்து டேங்க்கைத் தலைகீழாப் பிடிச்சுப் பாத்தா அடியில குட்டியா அச்சுல இருக்கு, பி.இ-எச்.டி. ஹெச்டிபிஇ-ங்கறது அதுதான், பாலிஎத்திலீன்ல ஒரு வகை. இத்தனை நாளும் அங்கதான் இருந்துருக்கு, நானும் திருப்பிப் பாக்கல, அவனும் பாக்கல. இந்த பாலிஎத்திலீன் மேல சும்மா தேய்ச்சுட்டு எபாக்ஸியோ ஃபெவி க்விக்கோ எது போட்டாலும் பிடிக்காது, மேல்பரப்பே மெழுகு மாதிரி. போதாததுக்கு பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமா சுவத்துக்குள்ள இழுத்து வச்சுக்கும், இறக்கி வச்சப்புறமும் பல நாளைக்கு வெளிய விடும் (பிளாஸ்டிக் டேங்க்ல ஸ்டிக்கர் உப்பி உப்பி வருதே, அதுக்கும் இதுதான் காரணம்). அப்படிப்பட்ட சுவர் மேல பேஸ்ட் எங்க நிக்கும்? உள்ள ஊத்துற கோட்டிங் துருப்பிடிச்ச இரும்பு டேங்க்குக்கு உள்ளது.

எப்படி சரி பண்றதுன்னும் விவரமா எழுதணும்னு நெனச்சேன், முடியல, கை நடுங்குது. அவசரமா சில விஷயம் மட்டும். டேங்க் லீக்குன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி டேப் ஓ-ரிங், ஹோஸ், மூடி எல்லாம் பாத்துருங்க. அடியில என்ன பிளாஸ்டிக்னு எழுதிருக்குன்னு படிங்க. ஹெச்டிபிஇ-ன்னா அதே பிளாஸ்டிக் ராடு வச்சு உருக்கி வெல்டிங் பண்ண முடியும், ஆனா டேங்க்குல ஆவி துளி இல்லாம பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட மட்டும். பல டர்ட் பைக் டேங்க் கிராஸ்லிங்க்டு பாலிஎத்திலீன் (உள்ளுக்குள்ள இழை இழையா ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்ச வகை), அது உருகி ஒண்ணாச் சேராது, வெல்டிங்குன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க, டேங்க்கை மாத்துங்க. சொட்டுற வண்டியை வீட்டுக்குள்ளயோ அடுப்பு, ஸ்விட்ச் போர்டு பக்கமோ நிறுத்தாதீங்க, பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், தரையோட பரவும். பில் இல்லாம காசு குடுக்காதீங்க.

புது டேங்க் சொல்லிருக்கேன். ஆக ஒரு டேங்க்குக்கு ஒன்றரை டேங்க் விலை. பழைய டேங்க் மூடி, டேப் ரெண்டும் கழட்டி வெளிய காத்துல கிடக்கு, 4 நாளாச்சு, பக்கத்துல போனா இன்னும் நாத்தம் அடிக்குது. உரிஞ்ச பேட்ச்சை கவர்ல போட்டு எடுத்து வச்சிருக்கேன், நாளைக்குக் கடை திறந்ததும் அவன் டேபிள் மேல வச்சு நான் குடுத்த காசைக் கேக்கப் போறேன்.