திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் போக: எல்லை தாண்டும் பஸ்சும் ரயிலும்

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் குமரி மாவட்டத்துக்காரர்களில் பலர் இறங்குவது திருவனந்தபுரம் விமான நிலையத்தில்தான். அங்கிருந்து நாகர்கோவில் எழுபது கிலோமீட்டர் சொச்சம். டாக்சி பிடிக்காமலே வந்துவிடலாம். எந்த வண்டி நேரே போகும், எது எல்லையிலுள்ள களியக்காவிளையோடு திரும்பிவிடும் என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து முதலில் தம்பானூர் வந்துவிடுங்கள். பஸ் நிலையமும் சென்ட்ரல் ரயில் நிலையமும் அங்கே எதிரெதிரே இருக்கின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு அலையாமல், ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு பஸ்சா ரயிலா என்று முடிவு செய்யலாம்.

பஸ் என்றால் தமிழ்நாடு வண்டியும் ஓடுகிறது, கேரள அரசு பஸ்சான ஆனவண்டியும் ஓடுகிறது. கேரள வண்டிகளில் பெரும்பாலும் மலையாளப் பலகைதான். வெளிநாட்டிலேயே வளர்ந்த பிள்ளைகள் தனியாக வந்தால் தடுமாறுவது இங்கேதான். கண்டக்டரிடம் "நாகர்கோவில் நேரா போகுமா?" என்று கேட்டுவிட்டே ஏற வேண்டும். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வண்டிகளும் அதே சாலையில்தான் போகின்றன. பாதி வழியில் நின்றுவிடும். களியக்காவிளை வரை போகும் வண்டியில் ஏறினாலும் மோசமில்லை. அங்கே இறங்கி மார்த்தாண்டம் டவுன் பஸ் பிடித்து, அங்கிருந்து நாகர்கோவிலுக்கு வண்டி மாறலாம். தமிழ்நாட்டு சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் கிடையாது. மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் வண்டிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. நாகர்கோவிலில் வெளியூர் வண்டிகள் வடசேரிக்கும், டவுன் பஸ்கள் மீனாட்சிபுரம் அண்ணா பஸ் நிலையத்துக்கும் போகும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வரவேற்க ஆளை நிறுத்திவிடாதீர்கள்.

பாலராமபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் நெரிசல் பிடித்தால் பயணம் இரண்டரை மணி நேரத்தைத் தொடும். அந்த வகையில் ரயில் மேல். ஆனால் இந்த வழித்தடம் 1979-ல் ஒற்றைப் பாதையாகத் திறக்கப்பட்டது. இரட்டைப் பாதைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி வந்து சேரும்வரை உங்கள் வண்டி ஸ்டேஷனில் காத்துக் கிடக்கும். ஒரு வண்டி தாமதமானால் அடுத்தடுத்து எல்லாமே தள்ளிப்போவது இதனால்தான். மார்த்தாண்டம் பகுதிக்குப் போகிறவர்கள் குழித்துறையில் இறங்க வேண்டும். முன்பதிவில்லாத டிக்கெட் எடுக்கும் செயலிக்கு இந்திய செல்பேசி எண் தேவை. வெளிநாட்டு எண்ணோடு வருகிறவர்கள் கவுன்டர் வரிசையை நம்பித்தான் ஆக வேண்டும். கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள், கையில் சில்லறையும் இருக்கட்டும். அதிவிரைவு வண்டிக்கு சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட் செல்லாது, கூடுதல் கட்டணம் உண்டு. டிக்கெட் கேட்கும்போதே வண்டியின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

இவ்வளவு ஆள் நடமாட்டம் உள்ள சாலையில் ஏன் இன்னும் நிறைய நேரடி பஸ் விடவில்லை? 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. அதுவரை ஒரே மாநிலத்துக்குள் கிடந்த சாலை, அன்று முதல் இரண்டு மாநிலச் சாலையானது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலம் தந்த பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அந்த மாநிலமும் அதில் ஒப்புக் கையெழுத்திட வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை பர்மிட் என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டே கூட்டுகின்றன. கூட்டம் பெருகிவிட்டது என்று ஒரு டிப்போ நினைத்த மாத்திரத்தில் நிரந்தரமாக ஒரு வண்டியைக் கூட்டிவிட முடியாது.

ஆனால் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் பலகை வைக்க ஒப்பந்தம் எதற்கு? இரு மாநில வண்டிகளின் நேரத்தையும் ஒரே அட்டவணையாக எழுதித் தம்பானூரிலும் வடசேரியிலும் மாட்டுவதற்கும் பர்மிட் வேண்டாம். இதை நாளைக்கே செய்யலாம், செய்ய வேண்டும்.

கூடுதல் வண்டிக்கும் வழி இருக்கிறது. ஒப்பந்த வரைவை இரு அரசுகளும் அரசிதழிலும், அந்தப் பகுதியில் ஓடும் வட்டார மொழிப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும் என்று அதே 88-ஆம் பிரிவு சொல்கிறது. கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. அப்படி அறிவிப்பு வரும்போது ஊரில் இருப்பவர்கள் பத்திரிகைத் துண்டைப் படம் பிடித்து அனுப்பட்டும். எந்த நேரத்துக்கு வண்டி இல்லை, எந்த விமானம் இறங்கும்போது இல்லை என்று தடம், நேரம் குறிப்பிட்டு வளைகுடாவில் இருந்தபடியே மனு எழுதி அனுப்பலாம்.