பொஷ் பெயரில் திருகோணமலையில் கிடைப்பவை: ட்ரில், பிளக், நொசில், ஒரு மூட்டை யூரியா

ஹார்ட்வெயார் கடையில் நீல நிற ட்ரில், மோட்டார் உதிரிப்பாகக் கடையில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக் பெட்டி, டீசல் பம்ப் வேலை செய்யும் இடத்தில் எஞ்சினுக்குள் டீசல் விசிறும் நொசில் பெட்டி. திருகோணமலை டவுனில் இந்த மூன்று இடத்திலும் ஒரே ஜேர்மன் குடும்பப் பெயர் நிற்கிறது: பொஷ். "பொஷ்தானே, நல்லதாத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான் பிழை. பெயர் பொதுவானது. பெட்டியில் உள்ள இலக்கம்தான் உங்கள் வேலைக்கு இது பொருந்துமா இல்லையா என்று சொல்லும்.

முதலில் ட்ரில். நீலம் என்றால் தொழிலுக்கு, பச்சை என்றால் வீட்டுக்கு. பச்சையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரைச்சீலைக் கம்பி, சுவர்த் தட்டு மாட்டப் போதும். ஆனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் கட்டுகிற இடத்தில் நாள் முழுக்க கொங்கிறீட் துளைக்கும் பாஸ்மாருக்கு அது தாங்காது. அவர்கள் கையில் அதிகம் பொருந்துவது ஜிபிஎச் 2-26 டிஆர்இ ரொட்டரி ஹாமர். 800 வாட், எடை 2.7 கிலோ, அடியின் பலம் 2.7 ஜூல், நிமிடத்துக்கு 900 சுற்று, 4000 அடி. கொங்கிறீட்டில் 26 மி.மீ. வரை போகும் என்று போட்டிருக்கும். போகும்தான், ஆனால் 16 மி.மீ.க்கு மேல் தினமும் துளைப்பவர் ஒரு படி பெரியதை வாங்குவது நல்லது.

சாதாரண இம்பெக்ட் ட்ரில்லையும் இதையும் ஒன்றாக எண்ணக்கூடாது. இம்பெக்ட் ட்ரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் உரசித் துள்ளும். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அடி. ரொட்டரி ஹாமரில் பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று அடிகட்டையை எறிகிறது. அடி உள்ளே இருந்தே வருகிறது. ஆகவே தோள் கொடுத்து அழுத்தத் தேவையில்லை. அழுத்தினால் அடி குறையும், பிட் சூடாகும். பிட் கம்பியில் பட்டு இறுகினால் கிளட்ச் 'கட கட' என்று வழுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் விரலை எடுத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள். தொடர்ந்து துளைத்தால் பிட்டின் காபைட் முனை உடையும், கிளட்சும் தேயும்.

நாலு அங்குலப் பொள்ளல் சீமெந்துக் கல்லில் ஹாமர் போடவே வேண்டாம். முன்பக்கம் அழகாகத் துளை விழும், உள்பக்கம் கை அகலத்துக்குச் சிதறிவிடும், திருகாணியைப் பிடிக்கப் போடும் ரோல் பிளக் சும்மா சுற்றும். அங்கே வெறும் சுழற்சி மட்டும். பழைய வீட்டுச் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் அதே கதை. உளி போட்டு வயர் குழாய்க்குப் பூச்சு கிளறலாம், டைல் கழற்றலாம். சிலாப் உடைக்கிற மெஷின் இது இல்லை.

எங்கே பழுதாகும்? "சுத்துது, ஆனா அடிக்குதில்ல" என்பதுதான் அடிக்கடி வரும் முறைப்பாடு. மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள். பிஸ்டனுக்கும் அடிகட்டைக்கும் உள்ள ரப்பர் வளையங்கள் தேய்ந்து காற்று கசிகிறது, அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டது. வளையங்களையும் கிரீஸையும் மாற்றினால் எழும்பிவிடும். பிட்டின் அடிப்பாகத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டுக் கிரீஸ் தடவாமல் மாட்டுகிறவர்களுக்குத்தான் பிட் மாட்டும் பிடி சீக்கிரம் ஆடத் தொடங்கும். கடலோரத்தில் இரண்டு நாள் வெளியே கிடந்தாலே அந்த இடம் துருப்பிடிக்கும். தலைக்கு மேலே சிலாப்பில் துளைக்கும்போது பாதியாக வெட்டிய ரப்பர் பந்தைப் பிட்டில் கோர்த்துவிடுங்கள். தூசி மோட்டாருக்குள் போகாது, கண்ணிலும் விழாது.

மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் காபன் பிரஷ்ஷை மாற்றினால் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். போலி பிரஷ் கடினமாக இருக்கும். பிரஷ் உரசும் கொமியூட்டேட்டரைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும், பெரிய பொறி பறக்கும், பிறகு ஆமேச்சரே, அதாவது சுழலும் பாகம் முழுவதுமே, போகும். மெஷின் உடம்பில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. பாகம் கேட்கும்போது "பொஷ் பிரஷ் தாங்கோ" என்று கேட்காமல் அந்த எண்ணைக் காட்டுங்கள்.

இப்போது பிளக். இங்கேதான் ஆட்டோக்காரர்கள் அதிகம் ஏமாறுவது, அதுவும் கடைக்காரர் ஏமாற்றாமலே. ஜப்பானின் என்ஜிகே பிளக்கில் இலக்கம் கூடக் கூடக் குளிர், அதாவது முனையின் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். பொஷ்ஷில் தலைகீழ்: இலக்கம் கூடினால் சூடு. என்ஜிகே 7ஐக் கழற்றிவிட்டு பொஷ் 7ஐப் போட்டால் அது தேவைக்கு மேல் சூடான பிளக். சுமையோடு ஏற்றத்தில் இழுக்கும்போது முனை பழுத்து, பொறி வருமுன்பே பெற்றோல் எரிந்து, பிஸ்டனில் ஓட்டை விழும் வரை போகலாம். என்ஜிகே 5க்கு பொஷ் 8, 6க்கு 7, 7க்கு 5. பொருத்தம் சரியாக இருந்தால் பொஷ் பிளக்கில் குறை சொல்ல இடமில்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் இடைவெளியை மட்டும் கேஜ் வைத்துப் பாருங்கள். விழுந்த பெட்டி என்றால் வளைந்திருக்கும்.

இந்தப் பிளக்கில்தான் பெயரே பெரிதானது. ரொபேர்ட் பொஷ் 1861இல் பிறந்தவர். 1886இல் ஸ்டுட்கார்ட்டில் சிறு பட்டறை தொடங்கினார். 1902இல் அவருடைய பொறியியலாளர் கொட்லொப் ஹொனோல்ட் உயர் அழுத்த மின்காந்த இக்னிஷனையும் பிளக்கையும் செய்து கொடுத்த பிறகுதான் உலகம் கண்டது. 1906இலேயே தன் பட்டறையில் எட்டு மணி நேர வேலை கொண்டுவந்த முதலாளி அவர். (தென்னாபிரிக்க அணியின் கோர்பின் பொஷ், முதல் டெஸ்டில் முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தாரே, அவருக்கும் இந்தக் கம்பனிக்கும் தொடர்பு தேட வேண்டாம். பழைய ஓவியர் ஹிரோனிமஸ் பொஷ் பிறந்த ஊரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டவர்.)

டீசல் பக்கம் வந்தால் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் பலநாட் படகுகள். ஆரம்பகால டீசல் எஞ்சினில் எண்ணெயை அழுத்தக் காற்றால் ஊதித்தான் உள்ளே அனுப்பினார்கள். காற்றை அழுத்தும் அந்தக் கொம்பிரஸரின் பாரத்தோடு லொறியில் ஏற்ற முடியாது. 1927இல் பொஷ் பம்ப் வரிசையாக உற்பத்திக்கு வந்த பிறகுதான் டீசல் சின்ன எஞ்சின்களில் பரவலானது. இந்தியப் பெட்டிகளில் மைக்கோ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், பெங்களூரில் அதே கம்பனியின் பழைய பெயர் அது.

நொசில் வாங்கும்போது டிஎல்எல்ஏ என்ற எழுத்தையும் அதன் பின்னால் வரும் எண்ணையும் பழையதோடு ஒப்பிடுங்கள். முதல் எண் எண்ணெய் விசிறும் கோணம். 150க்குப் பதில் 140 போட்டால் எஞ்சின் ஓடத்தான் செய்யும், ஆனால் எண்ணெய் பிஸ்டன் கிண்ணத்தில் தவறான இடத்தில் விழும்; கறுப்புப் புகை, எண்ணெய்ச் செலவு. பம்பில் எண்ணெயைத் தள்ளும் பிளஞ்சரும் அது ஓடும் பரலும் மைக்ரோன் கணக்கில் சேர்த்துத் தேய்த்த சோடி, ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. படகில் புது நொசில் சீக்கிரம் இறுகினால் நொசிலைத் திட்டாமல் டாங்கியின் அடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நிற்கும்.

கடைசியாக, பெயர் போடாமல் விற்கும் பொருள். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வயல்களில் எறியும் யூரியா ரொபேர்ட்டின் அண்ணன் மகன் கார்ல் பொஷ்ஷின் வேலை இல்லாமல் மூட்டைக் கணக்கில் வந்திருக்காது. யூரியா அமோனியாவிலிருந்து வருவது; காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அந்த அமோனியா ஆக்கும் வழியை ஜேர்மன் இரசாயனவியலாளர் ஹேபர் கண்டார். அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவரும்போது உருக்குக் குழாய்கள் வெடித்தன. சூடான ஐதரசன் உருக்கிலுள்ள காபனைத் தின்றுவிட்டது. கார்ல் உள்ளே மெல்லிரும்பு உறையும், வெளியே சிறு துளைகள் போட்ட உருக்கும் வைத்தார். கசிந்த ஐதரசன் துளை வழியாக வெளியே போனது, உருக்கு தப்பியது. 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது, 1931இல் நோபல்.

யூரியாவிலும் பார்க்க வேண்டியது இலக்கம்தான்: நைதரசன் 46 சதவீதம். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. ஆழமாகத் தண்ணீர் நிற்கும் வயலில் எறிந்தால் பாதிச் சத்து காற்றோடும் வாய்க்காலோடும் போகலாம். தண்ணீரை வடித்து, சேறு தெரியும் அளவில் எறிந்து, பிறகு கட்டுங்கள். வாய் திறந்த மூட்டையைச் சீமெந்துத் தரையில் வைத்தால் நமது கடற்காற்றில் ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும், கையால் சீராக எறிய முடியாது. பலகைமேல் வைத்து, வாயை இறுக்கிக் கட்டிவிடுங்கள்.