மெல்பர்னிலிருந்து தண்டையார்பேட்டைக்கு, வழியில் சிங்கப்பூர்

இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். டிக்கெட் தேடும்போது சிங்கப்பூரில் ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானத்தைப் பிடிப்பது ஒரு வழி, விடியற்காலையில் இறங்கி மாலையில் கிளம்புவது இன்னொரு வழி. நான் நீண்ட இடைவெளியைத்தான் எடுத்தேன். மூட்டுவலி உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு ஓடுவது எனக்குப் பிடிக்காது. தவிர, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில், அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இலவச நகர் சுற்று இருப்பது தெரியும். அம்மாவுக்குச் சிங்கப்பூரைக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் ரொம்ப நாளாக இருந்தது.

அம்மா பிறந்து வளர்ந்தது ராயபுரம். தாத்தாவுக்கு ஹார்பரில் வேலை. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும் ரஜூலா கப்பலில்தான் பெரியப்பா ஒருவர் பிழைக்கப் போனார். கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். அவரை வழியனுப்பப் போன கதையை அம்மா எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் சிங்கப்பூர் மண்ணை மட்டும் மிதித்ததே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாங்கி விமான நிலையமும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அந்நாட்டுச் சுற்றுலாக் கழகமும் சேர்ந்து நடத்தும் சுற்று இது. இரண்டு விமானங்களுக்கு நடுவே ஐந்தரை மணி நேரமாவது இருக்க வேண்டும், 24 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. எந்த விமானத்தில் வந்தாலும் சேரலாம். பேருந்து, வழிகாட்டி எல்லாம் இலவசம், மொத்தம் இரண்டரை மணி நேரம் போல ஆகும். நகரின் முக்கிய இடங்களுக்கு ஒன்று, பழைய பேட்டைகளுக்கு ஒன்று என்று பாதைகள் தனித்தனி. இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம், நான் அப்படித்தான் செய்தேன். இடம் மீதியிருந்தால் டிரான்சிட் பகுதியிலுள்ள (விமானம் மாறுகிறவர்கள் காத்திருக்கும் இடம்) கவுண்டரிலும் பெயர் கொடுக்கலாம்.

நேரம் இருந்தால் மட்டும் போதாது, காகிதம் சரியாக இருக்க வேண்டும். நம் ஆட்கள் பலர் இங்கேதான் திரும்பிப் போகிறார்கள். பேருந்தில் ஏற வேண்டுமென்றால் குடிநுழைவை, அதாவது இமிக்ரேஷனை, தாண்டி நாட்டுக்குள்ளே போக வேண்டும். எனக்கு ஆஸ்திரேலிய பாஸ்போர்ட், விசா தேவையில்லை. அம்மாவுடையது இந்திய பாஸ்போர்ட். அதற்குச் சாதாரணமாக விசா வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, இவற்றில் ஏதாவது ஒரு நாட்டின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்து, வேறொரு நாட்டுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இறங்கினால், இந்தியர்கள் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே போய்வரலாம். மேற்கொண்டு போகும் டிக்கெட்டும் உறுதியாகியிருக்க வேண்டும். அம்மாவின் விசிட்டர் விசாவுக்கு இன்னும் சில மாதங்கள் மிச்சம் இருந்ததால் கவலை இல்லை. இருந்தாலும் கடைசி முடிவு அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியுடையது. அதனால் விசாக் கடிதம், இரண்டு போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

இப்படி உள்ளே போகிறவர்கள் சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் அரசின் தளத்தில் அதற்குக் காசு கிடையாது. தேடினால் காசு கேட்கும் தளங்கள்தான் முதலில் கண்ணில் படும், அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

நம்ம பக்கத்துப் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இன்னொன்று. சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு புகையிலை இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை. குடிநுழைவைத் தாண்டினால் அந்த நாட்டுச் சட்டம் உங்கள் கைப்பைக்கும் பொருந்தும். சிகரெட் பாக்கெட்டுக்கும் வரி உண்டு.

இறங்கியதும் நேராகச் சுற்றுக்கு ஓடவில்லை. டிரான்சிட்டுக்குள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அறை ஒன்றை எடுத்து, அம்மா குளித்துவிட்டுக் கொஞ்சம் தூங்கட்டும் என்று விட்டேன். இராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தவருக்கு அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கும் மெர்லயன் சிலையும் தெரிந்திருக்காது, ஒன்றும் தெரிந்திருக்காது. செலவு பார்க்க வேண்டாத இடம் அது. பெட்டிகள் சென்னைக்கே நேராகப் போகும்படி மெல்பர்னில் டேக் போட்டாகிவிட்டதால் கையில் ஒரு சின்னப் பை மட்டும்.

வழிகாட்டி சீன முதியவர் ஒருவர். ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் அம்மாவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணி, பேருந்து எண்ணை இரண்டு முறை சொல்லி, அம்மா ஏறும்வரை படியருகிலேயே நின்றார். இலவசம்தானே என்ற அலட்சியம் துளிகூட இல்லை. சக்கர நாற்காலி உதவி மட்டும் விமான நிலையத்தோடு சரி, மற்ற இடங்களில் நடந்தாக வேண்டும். கொஞ்ச தூரமாவது நடக்க முடிகிறவர்களை மட்டும் கூட்டிப் போங்கள்.

மெர்லயன் பூங்காவில் இறங்கினோம். 1972-இல் திறந்த சிலை, இப்போதிருக்கும் இடத்துக்கு 2002-இல் நகர்த்தினார்களாம். எல்லோரும் போட்டோ எடுக்க, அம்மா தண்ணீர் ஓரமாகப் போய் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"இன்னாடி இது, கடல் வாடையே இல்லையே?"

காசிமேட்டுக் காற்றில் வளர்ந்தவர் அல்லவா. வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சந்தோஷமாகிவிட்டார், இதை யாரும் கேட்டதில்லையாம். 2008-இல் கட்டி முடித்த மரீனா அணை கடலை வெளியே தடுத்துவிட்டது, உள்ளே இருப்பது இப்போது நன்னீர்த் தேக்கம், ஊரின் குடிநீருக்கும் பயன்படுகிறது என்றார். பிறகு அம்மா பழைய கப்பல்காரர்களைப் பற்றிக் கேட்கச் சொன்னார். வழிகாட்டி பக்கத்திலேயே இருந்த கிளிஃபர்ட் துறையைக் கைகாட்டினார். 1933-இல் திறந்தது. கடல் வழியாக வந்த எத்தனையோ பேர் படகிலிருந்து முதலில் கால்வைத்த படித்துறை. இப்போது ஹோட்டலோடு சேர்ந்துவிட்டது. பெரியப்பா அங்கேதான் இறங்கினாரா என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அம்மா அந்த வளைவுகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போன பெரிய தோட்டத்தில் அவர் அவ்வளவாக ஒன்றவில்லை, உட்கார இடம் கிடைத்ததே பெரிது.

இரவு பத்து மணிக்கு முன்பே சென்னையில் இறங்கினோம். இங்கே நம் ஊர் மெட்ரோவைப் பாராட்டாமல் இருக்க முடியாது. விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் வரை ஒரே தடம், எங்கும் மாற வேண்டாம். 2021-இல் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி நீட்டிய பிறகு தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் எல்லாம் அந்த வழியில் வந்துவிட்டன. முன்பெல்லாம் பாரிமுனை நெரிசலில் டாக்சிக்குள் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு வருவோம். இப்போது பெட்டிகளோடு குளுகுளுவென்று உட்கார்ந்து, தண்டையார்பேட்டையில் லிஃப்டில் மேலே வந்தோம். நிலைய வாசலோடு அந்த வசதி முடிந்துவிடுகிறது, அதுதான் குறை. வாசலில் நின்ற ஆட்டோ ஒன்றும் மீட்டர் போடவில்லை. நடந்தால் பத்து நிமிடம் ஆகும் தெருவுக்குக் கேட்ட தொகையை நினைத்தால் மெட்ரோ டிக்கெட்டே மலிவு. அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு இரவு நேரச் சிற்றுந்து விட்டால் வடசென்னைக்காரர்கள் விமான நிலையத்துக்கு டாக்சியையே தேட மாட்டார்கள்.

மறுநாளே தெருவில் செய்தி பரவிவிட்டது. "சும்மாவா சுத்திக் காட்டினான்? எதுனா வாங்கச் சொல்லியிருப்பானே" என்று எதிர்வீட்டு அத்தை நம்பவே இல்லை. அம்மா போட்டோவைக் காட்டி, ஒரு பைசா கொடுக்கவில்லை என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்ன பிறகுதான் தன் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். மகளின் பிரசவத்துக்காக அத்தை சிட்னி போகிறார், அதுவும் சிங்கப்பூர் வழியாக. விசா சரியாக இருக்கிறது, ஆனால் போகும்போது இடைவெளி மூன்று மணி நேரம்தான். திரும்பி வரும் டிக்கெட்டை இன்னும் போடவில்லையாம். அதில் ஏழு, எட்டு மணி நேரமாவது கிடைக்கிற மாதிரிப் பார்க்கச் சொல்லி ஏஜென்டுக்குப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவரை விசா காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று தேதியையும் குறித்துக் கொடுத்தேன்.