பத்து சிடி, இருபது ஆல்பம்: நான் ஏமாந்த பிக் பேண்ட் பெட்டி

பழைய பிக் பேண்ட் (பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் பெரிய குழு) ஜாஸ் ஆல்பங்களைப் பெட்டியாக இணையத்தில் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது நியூ ஜெர்சி. பிக் பேண்ட் தலைவர் கவுண்ட் பேஸி பிறந்த ரெட் பேங்க் காரில் போய்வரும் தூரம்தான். அந்த ஊர்ப்பாசத்தில் ஆரம்பித்த பைத்தியம் டியூக் எலிங்டன், பென்னி குட்மன், கிளென் மில்லர் என்று மற்ற குழுத் தலைவர்கள் வரை வளர்ந்துவிட்டது. ஒரு நாள் கண்ணில் பட்டது விளம்பரம்: பத்து சிடியில் இருபது ஆல்பம், எல்லாம் மாஸ்டர் டேப்பிலிருந்து (மூலப் பதிவு நாடா) எடுத்த அசல் பதிவு, 48 டாலர். ஆல்பத்துக்கு இரண்டரை டாலர்கூட இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பெட்டி வந்தது. உறைகளில் இருந்த படங்கள் எங்கிருந்தோ ஸ்கேன் செய்த மாதிரி மங்கல். தட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஆலையில் அச்சான சிடியின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். இவை எல்லாம் ஊதா. யாரோ வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்து தள்ளியிருக்கிறார்கள். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று எலிங்டனின் நியூபோர்ட் தட்டைப் போட்டேன்.

1956 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் எலிங்டன் குழுவின் பால் கொன்சால்வெஸ் டெனர் சாக்ஸபோனில் ஒரே மெட்டின் மேல் 27 சுற்று விடாமல் வாசித்த தனி வாசிப்புக்காகத்தான் அந்த ஆல்பத்தையே வாங்குவார்கள். கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியது அதைக் கேட்டுத்தான். பாட்டு முழுதாக 14 நிமிடத்துக்கு மேல் ஓடும். என் தட்டில் ஏழாவது நிமிடத்தில் சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றுவிட்டது. மனிதர் பாதி வாசிப்பில் இருக்கிறார்! காரணம் அப்புறம் புரிந்தது. ஒரு சிடி கொள்வது சுமார் 80 நிமிடம். இரண்டு எல்பியை (பழைய வினைல் இசைத்தட்டு) அதில் திணித்துவிட்டு, இடம் போதாததால் நீளமான பாட்டில் கத்தரி வைத்திருக்கிறார்கள்.

(பித்தலாட்டம் என்றால் அந்த ஆல்பத்துக்கே கொஞ்சம் உண்டு. 1956-இல் வந்த எல்பியில் பெரும்பகுதி பின்னால் ஸ்டுடியோவில் வாசித்து, கைதட்டலை ஒட்டவைத்தது. கொன்சால்வெஸ் வேறு, ஆல்பத்துக்காக வைத்த மைக்கை விட்டுவிட்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். அந்த வானொலி டேப்பையும் சேர்த்து 1999-இல்தான் உண்மையான கச்சேரி வெளிவந்தது. என் பெட்டியில் இருந்தது எந்தப் பதிப்பு என்று ஒரு வரிகூட இல்லை.)

மில்லர் தட்டு அதைவிட வேடிக்கை. '1939 அசல் பதிவு' என்று போட்டிருக்கிறது. உள்ளே பேஸ் கிட்டார் கேட்கிறது. மில்லர் ஏறிய விமானம் 1944 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் காணாமல் போனது. கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் தன் மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்கு விட்டது 1951-இல். வேறு யாரோ பிற்காலத்தில் வாசித்ததை மில்லர் தலையில் கட்டிவிட்டார்கள்.

சந்தேகம் வந்த பிறகு, ஐம்பதுகளின் பதிவுகளை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஏற்றி, ஒலி எவ்வளவு உயரம் வரை இருக்கிறது என்று காட்டும் அலைவரிசைப் படம் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமை. உச்ச ஒலிகளை வெட்டிச் சுருக்கிய மலிவான எம்பி3-யை சிடியாக்கியதன் அடையாளம் அது. முப்பதுகளின் 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) பழைய இசைத்தட்டுகளில் இந்தச் சோதனை செல்லாது; அவற்றில் அவ்வளவு உயரத்தில் முதலிலேயே எதுவும் இருக்காது.

விற்றவரிடம் கேட்டால், "உறை பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். படங்களை அனுப்பினேன். "பழைய பதிவு அப்படித்தான் இருக்கும்" என்று பதில். மூன்றாவது மடலில், நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் பத்து டாலர் தருவதாகச் சொன்னார். நீக்கவில்லை. கிரெடிட் கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்தேன். ஐந்து வாரம் இழுத்தடித்துப் பணம் வந்தது.

மலிவு என்பதாலேயே எல்லாம் போலி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டதால், அங்கே யாரும் அவற்றைச் சட்டப்படி வெளியிடலாம். சிலர் அக்கறையாகவும் செய்கிறார்கள். அதனால் வாங்குமுன் தட்டின் அடிப்பக்கப் படமும் ஒவ்வொரு பாட்டின் நிமிடக் கணக்கும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நேற்று மறுபடி தேடிப் பார்த்தேன். அதே பெட்டி, அதே புகைப்படம், கடைப் பெயர் மட்டும் வேறு. விலை 52 டாலர் ஆகியிருக்கிறது.