கூகுள் பிசினஸ் புரொஃபைல்: புறநகர் ஆடிட்டர் ஆபீசுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தாம்பரத்தில் இருந்துகொண்டு போனில் "ஆடிட்டர்" என்று தட்டினால், ஒரு மேப்பும் அதன் கீழே மூன்று பெயர்களும் வருகின்றன. நிறைய பேர் அதைத் தாண்டிக் கீழே போவதில்லை. அந்த மூன்றில் இடம்பிடிக்க கூகுள் இலவசமாகத் தரும் கருவிதான் பிசினஸ் புரொஃபைல். 2014-ல் "மை பிசினஸ்" என்று வந்தது, 2021 நவம்பரில் இந்தப் பெயருக்கு மாறியது. இப்போது தனி ஆப் கிடையாது. உரிய ஜிமெயிலில் நுழைந்து ஆபீஸ் பெயரைக் கூகுளில் தேடினால், திருத்துவதற்கான பட்டன்கள் அங்கேயே வரும். கூடவே கொடுத்துவந்த இலவச வெப்சைட்டை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். விசிட்டிங் கார்டில் இன்னும் அந்த 'பிசினஸ்.சைட்' முகவரி இருந்தால் மாற்றிவிடுங்கள், அதைத் தட்டினால் உங்கள் பக்கம் திறக்காது.

சுற்றுவட்டாரத்தில் நாலைந்து கிலோமீட்டருக்குள் கிளையன்ட் தேடும் சின்ன ஆபீசுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு தி.நகரில் தெரிய வேண்டும் என்பவருக்கு ஏமாற்றம்தான். வரிசையைத் தீர்மானிப்பவை பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றும்தான் என்று கூகுளே சொல்கிறது. இதில் தூரம் நம் கையில் இல்லை. சொந்த நாற்காலியில் இருந்து தேடிப் பார்த்து "நாம்தான் முதலில் வருகிறோம்" என்று நம்புவது இங்கேதான் சறுக்குகிறது. இன்காக்னிட்டோவில் (தேடியதைப் பிரவுசர் சேமிக்காத முறை) தேடினாலும் இருக்கும் இடம் கூகுளுக்குத் தெரியும். குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர் என்று நாலு திசையில் இருப்பவர்களைத் தேடச் சொல்லிப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

நம் கையில் இருப்பதில் முதலில் வருவது கேட்டகரி, அதாவது என்ன தொழில் என்று கூகுளுக்குச் சொல்லும் வகை. முதன்மை கேட்டகரி ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம். முதன்மைக்குத்தான் எடை அதிகம். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று வைக்க வேண்டிய இடத்தில் "கன்சல்டன்ட்" என்று பொத்தாம்பொதுவாக விட்டுவிட்டு, ஏன் போனே வரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. ஒன்பதையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செய்யாத வேலைக்குக் கேட்டகரி வைத்தால் சம்பந்தமில்லாத அழைப்புகள்தான் வரும்.

பெயர் விஷயத்தில் ஆசை கூடாது. போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். பின்னால் "ஜிஎஸ்டி ஐடிஆர் ஃபைலிங் தாம்பரம்" என்று ஒட்டினால் கொஞ்ச நாள் மேலே ஏறலாம். யாராவது ரிப்போர்ட் செய்தால் பெயரைத் திருத்திவிடுவார்கள், அல்லது புரொஃபைலே முடங்கும்.

மேப்பில் ஆபீசைக் காட்டும் குறி விழும் இடத்தைக் கையால் நகர்த்திச் சரிபார்ப்பது அவசியம். தாம்பரத்தை ரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது: மேற்கே 600045, கிழக்கே 600059. பின்கோடு மாறினால் வருகிறவர் பாதைக்கு அந்தப் பக்கம் போய் நின்று போன் செய்வார். பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள தெருவில், மற்ற ஆவணங்களில் இருக்கும் வடிவத்தையே இங்கும் எழுதுங்கள்.

ஆபீஸ் உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன் இப்போது பெரும்பாலும் வீடியோதான். குறைந்தது 30 விநாடி, வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக. தெருப் பெயர்ப்பலகை அல்லது அடையாளமான பக்கத்துக் கடை, பிறகு ஆபீஸ் போர்டு, பிறகு சாவி போட்டுக் கதவைத் திறப்பது என்ற வரிசையில் எடுத்தால் நல்லது. முகம் தெரிய வேண்டியதில்லை. மேஜையில் கிளையன்ட் ஃபைல், பான் நகல் இருந்தால் முதலில் எடுத்து உள்ளே வையுங்கள். வீட்டிலேயே பிராக்டிஸ் செய்பவர் முகவரியை மறைத்து, சேவைப் பகுதிகளை மட்டும் காட்டலாம். இருபது பகுதி வரை சேர்க்க முடியும், ஆனால் இருபதிலும் மேலே வருவோம் என்று அதற்கு அர்த்தமில்லை.

ரிவ்யூ கேட்கச் சரியான நேரம், ரிட்டர்ன் அக்னாலெட்ஜ்மென்ட் அனுப்பும் அதே வாட்ஸப்பில். புரொஃபைலில் கிடைக்கும் லிங்க்கை ஒட்டினால் போதும். ஃபீஸில் தள்ளுபடி தருகிறேன் என்று கேட்பது விதிமீறல். திருப்தியானவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் அப்படியே. பதில் எழுதும்போது "உங்கள் ரீஃபண்ட் விஷயத்தில்", "அந்த நோட்டீஸ் வந்தபோது" என்று தொடங்காதீர்கள். ஒற்றை ஸ்டாருக்குக் கோபத்தில் எழுதும் பதிலில்தான் கிளையன்ட் ரகசியம் வெளியே வருகிறது.

இன்னொரு வேலி, தொழில்முறை விதிகள். 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் முதல் அட்டவணை, வேலை கேட்டு அலைவதையும் விளம்பரத்தையும் கட்டுப்படுத்துகிறது. வக்கீல்களுக்கு இதே மாதிரி கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் 36-ஆம் விதி இருக்கிறது. ஆன்லைன் தளங்கள் வழியாக வக்கீல்கள் வேலை பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகவே கண்டித்தது. பெயர், முகவரி, தகுதி, வேலை நேரம் என்ற அளவோடு நில்லுங்கள். "தாம்பரத்தின் நம்பர் 1" என்ற வரியும் ஆஃபர் போஸ்ட்டும் கூகுளுக்குப் பிடிக்கலாம், ஆடிட்டர்களை ஒழுங்குபடுத்தும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிடியூட்டுக்குப் பிடிக்காது.

இந்தச் சேவையின் பெரிய குறை, சஸ்பெண்ட் ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். முகவரியையும் பெயரையும் ஒரே நாளில் மாற்றினாலே அது நடக்கக்கூடும். அப்பீல் தொடங்கியதும் ஆதாரம் ஏற்ற 60 நிமிடம்தான். ஆகவே ஸ்கேன்களை முன்பே தயாராக வைத்துக்கொண்டு பிறகு பட்டனை அழுத்துங்கள். ஜிஎஸ்டி சான்றிதழ் இருந்தால் சுலபம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி எடுக்காத ஆபீஸ் என்றால், ஃபர்ம் பதிவுச் சான்றும் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் ஈபி பில் தனியாக நிற்காது.

"கூகுளில் இருந்து பேசுகிறோம், லிஸ்டிங் காலாவதியாகிறது, பணம் கட்டுங்கள்" என்று வரும் போன்களை அப்படியே வைத்துவிடலாம், லிஸ்டிங்குக்குக் கட்டணமே இல்லை. ஏஜென்சி வைப்பதாக இருந்தால் அவர்களுக்கு மேனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள், பிரைமரி ஓனர் உங்கள் ஜிமெயிலாகவே இருக்கட்டும். மாத ரிப்போர்ட்டில் "வியூஸ்" எண்ணிக்கையைத் தள்ளிவிட்டு, எத்தனை பேர் கால் பட்டனை அழுத்தினார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன வார்த்தை தேடி வந்தார்கள் என்று கேளுங்கள். தேடிய வார்த்தைகளில் பாதிக்குமேல் உங்கள் ஆபீஸ் பெயராகவே இருந்தால், வந்தவர்கள் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள்தான். அதற்கு ஏஜென்சிக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை.